கூப்பிட்டால் திரும்பாத குட்டி

பெரியநாயகி யாரையும் சுலபத்தில் நம்பிவிடுகிறவள் இல்லை. மந்தாரக்குப்பம் கடையில் புளி வாங்கினால், புளியை வைப்பதற்கு முன்னால் வெறும் தராசைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். இதற்காகவே அவள் புருஷன் ராமலிங்கம் அவளோடு கடைக்குப் போக வெட்கப்படுவான். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்குட்டி விஷயத்தில் ஏமாந்தாள் என்றால் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் நம்புவார்கள்? அவளுக்கே அதை நம்ப வெகுநாள் பிடித்தது.

ராமலிங்கத்துக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம் அது. இரண்டு பேருமே அடுத்தவர் கொல்லையில் களை பறித்தும் முந்திரி பொறுக்கியும் வளர்ந்தவர்கள். அந்தக் கொல்லைகளெல்லாம் இப்போது சுரங்கத்தின் வாய்க்குள் போய்விட்டன. சிமெண்டுத் தரையும், திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாயும், பின்னால் கோழி விட ஒரு துண்டு இடமுமாக வீடு அமைந்தபோது, யாராவது வந்து எழுந்து போ என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் அவளுக்குப் பல மாதங்கள் இருந்தது. ராமலிங்கம் நைட் ஷிப்ட் போகிற வாரங்களில் அந்தப் பயம் இரட்டிப்பாகும். போதாததற்குக் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நரி என்றான் ராமலிங்கம். ஆள்தான் என்றாள் அவள். எதிர்வீட்டிலிருந்து குழம்பு வாசனை வந்தால் கொஞ்ச நேரம் வாசலில் நின்று மோந்து பார்ப்பாள்.

நாய் ஒன்று வளர்த்தால் தேவலை என்று பேச்சு வந்தபோது ராமலிங்கம் மாடசாமியைப் பற்றிச் சொன்னான். ஒரே ஷிப்டில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறவர், ராஜபாளையத்துக்காரர், வயதில் மூத்தவர். ஊரிலிருந்து வரும்போது பெட்டி படுக்கையோடு ஒரு வெள்ளைப் பெட்டை நாயையும் ரயிலேற்றிக் கொண்டு வந்தவர். பாளையக்காரர் காலத்துச் சாதி நாய், காவலுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்று கேண்டீனில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வாராம். அந்த நாய் குட்டி போட்டிருந்தது.

தெருவில் திரிகிற குட்டி ஒன்றை எடுத்துப் போட்டுச் சோறு வைத்தாலே போதும்தான். ஆனால் பெரியநாயகிக்கு ஒரு ஆசை உள்ளே ஒளிந்திருந்தது. ஆபீசர்கள் வீட்டு வாசல்களில் கழுத்துப் பட்டையோடு நாய்கள் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். நம் வீட்டு வாசலிலும் ஒன்று உட்காரட்டுமே என்று நினைத்தாள். பொங்கல் சேலைக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை முடிச்சோடு எடுத்துக்கொண்டு புருஷனோடு மாடசாமி வீட்டுக்குப் போனாள்.

மாடசாமி நன்றாகத்தான் வரவேற்றார். அவர் மனைவி பொன்னம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடையில் நான்கு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தும்பைப் பூ வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். பெரியநாயகி ஒவ்வொன்றையும் தூக்கி வயிற்றைத் தடவினாள், வாயைத் திறந்து பார்த்தாள், காலை நீட்டி மடக்கினாள். குறை எதுவும் தெரியவில்லை. கூடையின் ஓரத்தில் இருந்ததை எடுத்து மாடசாமி அவள் மடியில் வைத்தார். அப்போது பொன்னம்மாள் கதவோரத்தில் நின்றபடி, "இந்தக் குட்டியவா குடுக்கீக?" என்று மெல்லக் கேட்டாள். மாடசாமி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியநாயகிக்கு அது உடனே மனதில் தைத்தது. நல்ல குட்டி நமக்குப் போகிறதே என்று அந்த அம்மாளுக்கு வயிறு எரிகிறது என்று எண்ணிக்கொண்டாள். அதனாலேயே அந்தக் குட்டிதான் வேண்டுமென்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மாடசாமி ஒரு வார்த்தை சொன்னார். "சாதி நாய் தாயி. தெரு நாய் மாதிரி கூப்பிட்ட உடனே வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வராது. ரோசக்கார நாய். ஆளு தரம் பாத்துத்தான் பழகும்."

குட்டிக்கு முத்து என்று பெயர் வைத்தாள். பேர்தான் வைத்தாளே ஒழிய அந்தப் பேருக்கு அது ஒரு நாளும் திரும்பவில்லை. கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். அது பாட்டுக்கு முருங்கை மரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். அவள் எதிரே வந்து நின்றால் துள்ளி ஓடிவந்து காலைச் சுற்றும். பின்னால் திரும்பினால் போச்சு, தொண்டை கிழியக் கத்தினாலும் வராது. சில நேரம் காலைத் தரையில் ஓங்கி மிதித்தால் திரும்பும். ராமலிங்கம் அதைப் பார்த்து, காலால் உதைத்துக் கூப்பிட்டால்தான் மரியாதை தெரிகிறது போல என்று சிரித்தான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. மாடசாமி சொன்ன வார்த்தை உள்ளே கிடந்து அறுத்தது. ஆளு தரம் பார்த்துத்தான் பழகும். பிறந்ததிலிருந்து கொல்லைக்காரர்களும் மேஸ்திரிகளும் தரம் பார்த்துத்தான் அவளிடம் பேசியிருக்கிறார்கள். இப்போது தன் கையால் சோறு போடுகிற நாயும் அதையே செய்கிறதா? ஒரு நாள் அது தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நான் கூலிக்காரி மவள்னு ஒனக்குக்கூடத் தெரிஞ்சிபோச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அடுத்து எதிர்வீட்டுக்காரியின் மேல் சந்தேகம் போயிற்று. அவள் வேலி வழியாகக் குட்டிக்கு எதையாவது போட்டு வசியம் பண்ணியிருப்பாளோ என்று தோன்றியது. சில நாள் வேலியையே பார்த்துக்கொண்டு அரிசி புடைத்தாள். எதிர்வீட்டுக்காரி ஒரு எலும்பைக்கூட இந்தப் பக்கம் போடவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

உண்மை தெரிந்தது ஒரு மத்தியான வேளையில். ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. டவுன்ஷிப் வந்து குடியேறியவர்களுக்கு அந்தச் சங்கு பழகிவிட்டது. நாய்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. சங்கு எழும்பியதும் பிளாக்கின் நாய்கள் எல்லாம் கழுத்தை நீட்டி ஊளையிடத் தொடங்கும், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அது தாவிக்கொண்டே போகும். அன்றும் அப்படித்தான். எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த கறுப்பு நாய் ஊளையிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து நான்கைந்து சேர்ந்துகொண்டன. முத்து மட்டும் பெரியநாயகியின் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காது மடல்கூட அசையவில்லை.

அவள் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டுக் குட்டியையே பார்த்தாள். சங்கு ஓயும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பித்தளைத் தவலையையும் கரண்டியையும் எடுத்து வந்து, அதன் தலைக்குப் பின்னால் நின்று, தரையை மிதிக்காமல் பலம் கொண்ட மட்டும் அடித்தாள். பக்கத்து வீட்டில் குழந்தை விழித்து அழுதது. முத்து தூங்கிக்கொண்டே இருந்தது.

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அந்தக் குட்டியை வைததெல்லாம் நினைவுக்கு வந்தது. அது ஒரு வார்த்தையைக்கூடக் கேட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நிம்மதி அதிக நேரம் நிற்கவில்லை. கதவோரத்தில் நின்று பொன்னம்மாள் கேட்டது காதில் வந்து விழுந்தது. இந்தக் குட்டியவா குடுக்கீக? அது வயிற்றெரிச்சல் இல்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் மாடசாமிக்கும் தெரியும்.

ராமலிங்கம் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை, பிறகு தானும் தவலையைத் தட்டிப் பார்த்துவிட்டு நம்பினான். நம்பியும் பேசாமல் இருந்துவிடலாம் என்றான். மாடசாமி சீனியர், தினமும் அவரோடு நின்று வேலை பார்க்க வேண்டும், ஒரு நாய்க்காகப் பகைத்துக்கொள்ள முடியுமா? பிறவிக் குறைக்கு அவர் என்ன செய்வார், பாவம், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் சொன்னான். தெரியாமல் இருந்திருக்கும் என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அந்த ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் எங்கெங்கே போயின என்று விசாரிக்கத் தொடங்கினாள். ஒன்று, ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்த கோபாலகிருஷ்ணன் வீட்டில் இருந்தது. அவர் சாத்தூர் பக்கம். நாய் விற்கவும் வாங்கவும் பழகிய ஊர்க்காரர். பெரியநாயகி அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டில் கை வைத்தாள். தாழ்ப்பாள் லேசாகக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் குட்டி அம்பு மாதிரி பாய்ந்து வந்து குரைத்தது. கோபாலகிருஷ்ணன் அடுக்களையிலிருந்தே ஒரு சத்தம் கொடுத்தார். குட்டி வாலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி ஓடியது.

நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். குட்டியின் பெருமையைச் சொல்லி அவருக்கு மாளவில்லை. தாயும் வெள்ளை, தகப்பனும் வெள்ளை, ஒரு துளி கலப்பில்லை என்றார். தகப்பன் நாய் எங்கிருந்து வந்தது, இந்தப் பக்கம் வேறு ராஜபாளையம் நாயே கிடையாதே என்று பெரியநாயகி கேட்டாள். அந்தப் பெட்டை ஊரில் முன்னால் போட்ட குட்டிதானம்மா அது, பிறகு போய்க் கொண்டுவந்தார், தாய்க்குப் பிள்ளை, இங்கே ஜோடி இல்லாததால் மாடசாமி அதையே கட்டினார், ரத்தம் சுத்தமாக இருக்கும் என்று அவர் சிரித்தபடியே சொன்னார். பெரியநாயகி டம்ளரைக் கீழே வைத்தாள். ஆடு வளர்க்கிறவர்கள்கூட இரண்டு ஈற்றுக்கு ஒரு முறை கிடாவை மாற்றி விடுவார்கள்.

அடுத்தது, மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சக்கரபாணி. உள்ளூர்க்காரர். அவர் கடையில் நாய் இல்லை. பெரியநாயகி கேட்டதும் அவர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு ரோட்டைக் காட்டினார். சுரங்கத்துக்குக் கருங்கல் ஏற்றிக்கொண்டு போன லாரி. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான், குட்டி நடு ரோட்டில் வாலைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. "அவ்வளவு சத்தத்துக்கும் நவுரலைங்க. அதுக்கு விதி முடிஞ்சிதுன்னு வுட்டுட்டேன்," என்றார். அவருடைய சின்ன மகள் அதற்குப் பிறகு பல நாள் சாப்பிடவில்லையாம்.

இன்னொன்று முத்தாண்டிக்குப்பத்தில் சாமியம்மாளிடம் இருந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக மண் சுமப்பவள். அந்தக் குட்டியைப் பலா மரத்தில் குறுகிய கயிற்றில் கட்டியிருந்தாள். பெரியநாயகி அருகே போய்க் குனிந்தபோது அது நடுங்கிப் பின்வாங்கியது. முதுகில் வரி வரியாகத் தழும்பு. திமிர் பிடித்த நாய், சொன்ன பேச்சே கேட்பதில்லை, அடித்தாலாவது வழிக்கு வரும் என்று பார்த்தேன் என்று சாமியம்மாள் சொன்னாள். பெரியநாயகி குட்டியின் பின்னால் போய்க் கையைத் தட்டிக் காட்டினாள். குட்டி திரும்பவே இல்லை. சாமியம்மாள் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்தக் குட்டியின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியநாயகியின் மனம் கணக்குப் போட்டது. காது கேட்கிற குட்டி தெற்கத்திக் கிளார்க்கு வீட்டில். கேட்காதவை மூன்றும் உள்ளூர்க்காரர்கள் கையில். இதைத் தற்செயல் என்று சொல்ல அவள் தயாராக இல்லை.

மறுநாள் மாடசாமிக்கு முதல் ஷிப்ட் என்று தெரிந்துகொண்டு, அவர் வந்து குளித்துச் சாப்பிட்டிருப்பார் என்கிற நேரத்துக்கு முத்துவைத் தூக்கிக்கொண்டு போனாள். ராமலிங்கம் வர மறுத்துவிட்டு, பிறகு மனம் கேட்காமல் தெருமுனைவரை வந்து புளியமரத்தடியில் நின்றுகொண்டான்.

மாடசாமி முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொன்னம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெரியநாயகி வணக்கம் சொன்னாள், குட்டியை அவருக்கு முதுகு காட்டித் தரையில் விட்டாள். இதை ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் கூப்பிடவில்லை. ஊரில் மழை உண்டா, ராமலிங்கம் ஏன் வரவில்லை என்று என்னென்னவோ பேசினார். அவள் குட்டியையே காட்டிக்கொண்டு நின்றாள். பேச்சு தானாக அறுந்து போயிற்று.

முறத்தைக் கீழே வைத்தது பொன்னம்மாள்தான். "தட்டைத் தட்டிப் பாத்துத்தான் பிரிச்சாரு தாயி," என்றாள். "வேண்டாமுன்னு சொன்னேன். ஏம் பேச்சு எடுபடலை."

மாடசாமி மனைவியை முறைத்தார். பிறகு அந்த முறைப்பு எங்கோ கரைந்து போயிற்று. வெள்ளை நாயில் சிலது அப்படிப் பிறப்பதுண்டு என்றும், ஊரில் ஈற்றுக்கு ஒன்றாவது இப்படி இருக்கும் என்றும், இந்தத் தடவை மூன்றாகிப் போனதற்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டார். தாய்க்கும் பிள்ளைக்கும் கட்டினால் வேறு என்ன ஆகும் என்று அவள் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினார்.

"எங்க ஊருல இப்பிடிக் குட்டிய என்ன செய்வாக தெரியுமா? கண்ணு முழிச்சு ஒரு மாசத்துல கிணத்துல போட்ருவாக. எங்கப்பாரு ஏங்கிட்டத்தான் குடுத்து விடுவாரு. கோணிச் சாக்குல. அந்தக் கனம் இன்னும் கையில இருக்கு தாயி. இங்க வந்த பொறவு அந்தப் பாவத்தச் செய்யக் கூடாதுன்னு நெனச்சேன்." அவர் முத்துவைக் காட்டினார். "காது கேக்காதுன்னு சொல்லியிருந்தா இத நீ எடுத்திருப்பியா? நான் வாய மூடிக்கிட்டதாலதான் இது உசுரோட நிக்குது. நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

பெரியநாயகி இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ பொய்க்கு அவள் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை. முத்து அவள் கால் விரலை நக்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள்.

"எடுத்திருக்க மாட்டேன்," என்றாள். "அது நெசம்தான். அதுக்குன்னு எனக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிடலாங்களா? சக்கரபாணி வூட்டுக் குட்டி லாரியில மாட்டிச் செத்துச்சி. தெரிஞ்சிருந்தா ரோட்ல அவுத்து வுட்டிருப்பாரா? சாமியம்மா அத அடிச்சி முதுவு பூரா கோடு போட்டு வச்சிருக்குது. நான் தெனமும் வைஞ்சிக்கினு இருந்தேன். கெணத்துல போட்டா ஒரே நாள்ல போயிடும். நீங்க எங்க கையில குடுத்துக் கொஞ்சங் கொஞ்சமா போட வச்சீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விடவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன். கேக்கற குட்டி உங்க பக்கத்து ஆளுக்கு. கேக்காதது மூணும் எங்களுக்கு. ஏன்?"

மாடசாமி கட்டிலின் கயிற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எங்க ஊருக்காரன்னா கண்டுபிடிச்சிருவான்," என்றார்.

"நாங்க கண்டுபுடிக்க மாட்டோம்."

மாடசாமி கட்டிலை விட்டு எழுந்தார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், குட்டியை விட்டுவிட்டுப் போ என்றார் பிறகு. அவள் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இது என் வீட்டு நாய், இதை யாருக்கும் விடுவதாக இல்லை என்றாள். தனக்கு வேண்டியது இரண்டே என்று சொன்னாள். சக்கரபாணியிடமும் சாமியம்மாளிடமும் அவரே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். தாயையும் பிள்ளையையும் இனிமேல் சேர்க்கக் கூடாது. இல்லாவிட்டால் பிளாக் பிளாக்காகப் போய்த் தானே சொல்லுவேன் என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்தாள். புளியமரத்தடியில் நின்ற ராமலிங்கம் குட்டியை வாங்கிக்கொண்டான்.

மாடசாமி போனார். சாமியம்மாள் வீட்டில் நெடுநேரம் நின்றாராம். அவள் குட்டிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாளாம். சக்கரபாணி மட்டும் எகிறினார். தெற்கத்தியான் வந்து நம்மை ஏமாற்றுவதா, நான்கு பேரைச் சேர்த்து அவனை ஒரு கை பார்க்கலாம் என்று பெரியநாயகியிடமே வந்து ஆள் கூட்டினார். அவளுக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. செத்துப் போன குட்டியின் பேச்சு அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. சுரங்கத்தில் தன் தம்பிக்கு வராமல் தெற்கத்தியாருக்குப் போன வேலையின் பேச்சுதான் வந்தது. நாய் விஷயத்தை நாய் விஷயமாகவே பேசி முடித்தாகிவிட்டது என்று சொல்லி அவரை அனுப்பினாள்.

கொஞ்ச நாளில், ஆண் நாயை விருத்தாசலத்தில் ரயிலேற்றி ஊரில் சித்தப்பா மகனிடம் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. பெரியநாயகி நம்பவில்லை. வெந்தயம் கடன் கேட்கிற சாக்கில் பொன்னம்மாளிடம் போய்க் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தாள். முளைக்குச்சி மட்டும் நின்றது. வேறு யார் வீட்டிலாவது ஒளித்து வைத்திருப்பாரோ என்று அதற்குப் பிறகும் பல நாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் பொன்னம்மாள் வீடு தேடி வந்தாள். பெட்டையை ஊருக்கே கொண்டுபோய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒட்டோ உறவோ இல்லாத வேறொரு நாயோடு சேர்த்துக் கொண்டுவந்தாராம். குட்டி போட்டிருக்கிறது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை, முதலில் நீ வந்து பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். எதற்காக என்னைக் கூப்பிடுகிறார், இதிலே என்ன சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் பெரியநாயகிக்கு முதலில் பட்டது. ஆனாலும் போனாள்.

மாடசாமி குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, அவள் முன்னாலேயே தட்டைத் தட்டிச் சோதித்துக் காட்டினார். எல்லாம் திரும்பின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அவளும் இரண்டு மூன்று தடவை சோதித்தாள். அது சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

அந்தச் சமயத்தில் பவர் ஹவுஸில் வேலை பார்க்கிற ஒரு என்ஜினியர் குட்டி பார்க்க வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்தவர். வந்தவருக்கு அந்தக் குட்டியின் மேலேயே கண் விழுந்தது. ஈற்றிலேயே பெரியது, மாசு மருவில்லாத வெள்ளை. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெரியநாயகி மாடசாமியின் முகத்தையே பார்த்தாள். அவர், "அதுக்குக் காது கேக்காது சார்," என்றார். என்ஜினியர் கையிலிருந்த குட்டியைக் கீழே விட்டார். மற்றவையும் பிறகு செவிடாகிவிடாது என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டார். அப்படி ஆகாது, நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று மாடசாமி சொன்னது எடுபடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரம் மாடசாமி வீட்டில் செவிட்டு நாய் விற்கிறார்கள் என்று பிளாக் முழுக்கப் பேச்சாயிற்று.

"பாத்தியா தாயி," என்றார் மாடசாமி, அவள் மறுபடி வந்தபோது. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இப்ப இத என்ன செய்ய?"

பெரியநாயகி குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதற்கு ஒரு வீடு தேடி நடந்தாள்.

உண்மையைச் சொல்லிக்கொண்டு ஒரு குட்டியைக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளைக் குட்டி என்றதும் கதவு அகலமாகத் திறக்கும். காது கேட்காது என்றதும் பாதியாகும். கொஞ்சிக்கொண்டிருந்த குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில், சொல்லாமலே கொடுத்துவிடலாமே என்கிற எண்ணம் அவளுக்கும் வந்தது. ஒரு வீட்டு வாசலில் அந்த அம்மாள் குட்டியை முத்தமிட்டுக்கொண்டிருந்தபோது பெரியநாயகியின் வாய் உண்மையிலேயே மூடிக்கொண்டது. மாடசாமி எப்படி வாயை மூடியிருப்பார் என்பது அந்த இடத்தில் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மனைவி ஜானகியம்மாள் வீட்டில் பேச்சு நீண்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, சுற்றிலும் உயரமான முள்வேலி. ஜானகியம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. சும்மா கொடுப்பானேன், காது மட்டும்தானா, வேறு என்ன வியாதியை மறைக்கிறாய், உனக்கு இதில் என்ன லாபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன் மேலே ஒருத்தி சந்தேகப்படுவது பெரியநாயகிக்குப் புதிது. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்ட வேண்டும். பின்னால் இருந்து கூப்பிடாமல் தரையைத் தட்ட வேண்டும். வேலிக்கு வெளியே அவிழ்த்து விடவே கூடாது என்று முத்துவை வளர்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னாள். ஆள் வந்தால் குரைக்குமா என்றாள் ஜானகியம்மாள். கண்ணில் பட்டால் குரைக்கும், வாசனை பிடித்தால் குரைக்கும், சத்தத்துக்குக் குரைக்காது என்றாள்.

"எனக்குச் சரிப்படலைன்னா?"

"எங்க வூட்டுக்குக் கொண்டாந்து வுடுங்க. எப்ப வேணா."

ஜானகியம்மாள் யோசித்தாள். கணவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, பெரியநாயகி எழுந்து படி இறங்கியதும், குட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்றாள்.

அந்த ஈற்றில் மற்றக் குட்டிகள் விலைபோக நாளாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் தவலையோடும் தாம்பாளத்தோடும்தான் வந்தார்கள். மாடசாமி கட்டிலில் உட்கார்ந்து, தட்டிப் பாருங்கள், தட்டிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பெரியநாயகியும் அதற்குப் பிறகும் சிநேகமாகிவிடவில்லை. வழியில் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வார், அவள் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பெட்டைக்கு வயதாகிவிட்டது, இனிமேல் குட்டி எடுப்பதில்லை என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோதும், அது நிஜம்தானா என்று பொன்னம்மாளிடம் ஒரு முறை தனியாக விசாரித்துக்கொண்டாள்.

ஜானகியம்மாள் குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், அது இன்னது செய்தது, இன்னது தின்றது என்று நிறுத்திவைத்துச் சொல்வாள். பெரியநாயகி கையில் பையோடு நின்று முழுவதையும் கேட்பாள்.